விசாரிக்க வந்தவர் யார்?

துப்பறியும் கதைகளிற் பழகிய நமக்கு, விசாரணைக்கு வரும் அதிகாரியின் தொழில் இன்னதென நன்கு தெரியும். கொலை நிகழ்ந்துளது, கொன்றவன் மறைந்துளான். அவனைப் பிடித்துச் சட்டத்தின் கையில் ஒப்புவித்த அளவிலே கதை முடியும். ஏனையோர் யாவரும் குற்றமற்றவராய் நிம்மதியுடன் உறங்கச் செல்வர். படித்தோரும் அவ்வாறே உறங்குவர். ஜே. பி. பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றி, 1945இல் சோவியத் நாட்டிலும் 1946இல் இலண்டனிலும் மேடையேறிய 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' என்னும் நாடகத்திலோ, வருகின்ற அதிகாரி ஒருவரையும் உறங்க விடுவதில்லை.

கதை 1912இல், பிரம்லி என்னும் கற்பனை நகரில் நிகழ்வது. ஆலை முதலாளி பர்லிங் தம் மகளின் மண நிச்சய விருந்தில், அவனவன் தன்னையும் தன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டாற் போதும் என்று இளைஞர்க்கு உபதேசித்துக்கொண்டிருக்கிறார். அப்பொழுது வாயில்மணி ஒலிக்கிறது. இன்ஸ்பெக்டர் கூல் வருகிறார். ஈவா ஸ்மித் என்னும் ஏழைப்பெண் கிருமிநாசினியைக் குடித்து மாண்டாள் என்கிறார்.

அவளைக் கொன்றவர் யார்? வாரத்திற்குச் சராசரி 22 ஷில்லிங் 6 பென்ஸ் பெற்ற தொழிலாளர், 25 ஷில்லிங் வேண்டுமென வேலைநிறுத்தம் செய்ய, அதில் முன்னின்ற அவளைத் தந்தை விலக்கினார். மகள் ஷீலா சினங்கொண்டு அவளைத் துணிக்கடை வேலையினின்றும் நீக்குவித்தாள். மணமகனாக வரவிருந்த ஜெரால்டு சிலகாலம் ஆதரித்துக் கைவிட்டான். மகன் எரிக் அவளைக் கருவுறச் செய்தான். தாயோ, தருமசங்கத்தில் உதவி கேட்டு வந்தவளை வெறுங்கையாய் அனுப்புவித்தாள். எரிக் பணந்திருடியது நீங்கலாக, இவற்றுள் எதனையும் எந்த நீதிமன்றம் தண்டிக்கும்? சட்டம் கைவைக்க இயலாத இடத்திலேதான் இவ்வதிகாரியின் அலுவல் தொடங்குகிறது.

அவருடைய முறையும் தனி. ஒரு சமயத்தில் ஒருவரையே விசாரிப்பார். புகைப்படத்தையும் ஒருவர்க்கே காட்டுவார். குற்றம் சாட்டுவதினும், சாட்டப்பட்டவர் வாயாலேயே தீர்ப்பைச் சொல்லுவிப்பதில் வல்லவர். பர்லிங்கின் மனைவியார், தாம் செய்தது சரியே எனச் சாதித்து, அப்பெண்ணைக் கெடுத்த இளைஞனே பொறுப்பாளி, அவனையே கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று முழங்குகிறார். அவ்விளைஞன் தம் மகனென அவர் உணர்வதற்குள் தீர்ப்பு வெளிவந்துவிடுகிறது. இரண்டாம் சாமுவேலில் நாத்தான் தீர்க்கதரிசி ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, தாவீதரசன் வாயினின்றே அவனுக்குரிய தண்டனையை வருவித்த முறை இதுவே யன்றோ! ஆயின் தாவீது நெஞ்சுடைந்து அழுதான்; இவ்வம்மையார் அதிர்ச்சியுற்றாரேயன்றி, அதிகாரி அகன்றபின் முன்போலவே நிமிர்ந்து அமர்கிறார்.

இவ்வம்மையாரின் குற்றமே என்னை மிகவும் வருத்துவது. ஏனையோர் சினத்தாலும் ஆசையாலும் பொருட்பற்றாலும் தவறினர்; இவரோ தருமத்தின் பெயராலேயே தவறினார். உதவி பெறத் தகுதியுடையவளா என ஆராயும் அதிகாரம் தமக்குண்டென நம்பினார். திருச்சபையின் ஏழைநிதியைக் கையாள்வோர் இக்காட்சியை ஒருமுறையேனும் படித்தல் நன்று.

கூல் சென்றபின், அப்பெயருடைய அதிகாரி அந்நகரில் இல்லையென்பது வெளிப்படுகிறது. ஆகவே அவர் யார்? மனச்சாட்சியின் உருவம் என்பர் சிலர். ஆவி என்பர் சிலர். அவர் பெயரின் ஒலியையே சான்றாகக் காட்டுவாரும் உளர். இவ்வாராய்ச்சி சுவையுடையதே. எனினும், நாடகத்தினுள் இக்கேள்வியைப் பற்றிக்கொள்பவர் யாரென நோக்குக. பர்லிங்! அதிகாரி பொய்யரெனின் தம் செயலும் பொய்யாய்விடும் என்பது அவர் கணக்கு. ஜெரால்டு அதற்கு மேலும் சென்று, காட்டப்பட்ட படங்கள் வெவ்வேறு பெண்களுடையனவாக இருக்கலாம் என்கிறான். இருக்கட்டும். அப்பொழுது ஒரு பெண்ணுக்கு ஐவர் இழைத்த தீங்கு, ஐந்து பெண்களுக்கு இழைத்த தீங்காகும்; இதில் ஆறுதல் எங்ஙனம் வந்தது? இதனை உணர்ந்தோர் ஷீலாவும் எரிக்குமே. விசாரித்தவர் போலியாயினும், தாம் ஒப்புக்கொண்டவை மெய்யென அவர்கள் பிடிவாதமாய் நிற்கின்றனர். அவர் யாரென்பதை ஆசிரியர் திறவாது விட்டது இவ்விரு திறத்தாரையும் பிரித்துக் காட்டற்கே என்பது என் கருத்து.

ஒரு குறையும் உண்டு. விடைபெறுமுன் அதிகாரி நிகழ்த்தும் நீண்ட உரை பிரசங்கமாகவே ஒலிக்கிறது. பிரசங்கங் கேட்டுப் பழகிய எனக்கு, அவர் வாய்மூடி ஒரு புகைப்படத்தை நீட்டும் இடங்களே அதனினும் வலியனவாகத் தோன்றின.

முடிவில் தொலைபேசி மணி ஒலிக்கிறது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் ஒரு பெண் இப்பொழுதுதான் இறந்தாள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார். அவரை நாம் காணுமுன் திரை வீழ்கிறது. அவர் போலியல்லர் என்றே கொள்வோம். எனினும் முன்வந்தவர் கேளாத எந்தக் கேள்வியை அவர் புதிதாய்க் கேட்கப்போகிறார்?