புகார் கடலுக்குள் ஒரு லாடம்

காரைக்கால் பீச்சில் சுண்டல் கொறிச்சுக்கிட்டே அப்படியே வடக்கே பாருங்க மக்களே. தரங்கம்பாடி தாண்டி இன்னும் கொஞ்சம் போனா பூம்புகார். ஸ்கூல் டூர் போய், 'பழைய ஊரைக் கடல் கொண்டுபோயிடுச்சாம்'னு கேட்டுட்டு வந்தோமே, அதே ஊர். அந்தக் கடலில் நிஜமாவே முங்கித் தேடினவங்க இருக்காங்க. அந்தப் படிப்புக்குப் பேர் கடலடித் தொல்லியல்.

1990-களின் தொடக்கத்தில் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து இங்கே தேடினாங்க. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவத்தில் ஏதோ ஒண்ணு தட்டுப்பட்டது. மனுஷன் கட்டினதா, தானா உருவான பாறையா? எல்லோரும் ஒப்புக்கிற பதில் இன்னும் இல்லை. அதுக்குள்ள பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக், பழைய கடல்மட்டக் கணக்கை வெச்சு, 11,000 வருஷத்துக்கு முந்தின கட்டடமா இருக்கணும்னு 2002-ல் புத்தகமே போட்டுட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே காதுகுத்து!

'இறங்கிப் பார்த்துட்டா முடிஞ்சது'ங்கிறீங்களா? அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல மூணு மடங்குக்கும் மேல. சிலிண்டர் காற்றும் அதே வேகத்தில் காலியாகும். அரை மணி நேரத்துக்கு மேல தங்கிட்டு சட்டுனு மேலே வந்தா, உடம்பில் கரைஞ்ச நைட்ரஜன் குமிழ் குமிழா கிளம்பி ஆளையே முடிச்சிடும்.

எனக்கு லாடத்தைவிடப் பிடிச்சது ஈயம். பூம்புகார் கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைச்சுது. அதுல 'டபிள்யூ. பிளாக்கெட்'னு பேரும், 1791, 1792-னு வருஷமும்! பிளாக்கெட், வடக்கு இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் வெச்சிருந்த குடும்பம். ஆக, கப்பல் 1792-க்கு முன்னாடி முங்கியிருக்கவே முடியாது. சங்க காலம் இல்லையேன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. யாராவது அதைப் பழைய இரும்புக்கடையில் போட்டு உருக்கியிருந்தா, இந்த ஒத்தை வரிகூட நமக்கு மிஞ்சியிருக்காது. இலங்கையின் கொடவாயவில் 2003-ல் ரெண்டாயிரம் வருஷத்துக் கப்பலைக் கண்டுபிடிச்சது புரொஃபசர்கள் இல்லை, சங்கு குளிக்கிறவங்க.

இதுல இன்ஜினீயரிங் பசங்களுக்கு என்ன வேலை? சைடு ஸ்கேன் சோனார் சிக்னலைப் படிக்க ஈ.சி.ஈ. ஆள் வேணும். கெமிக்கல் மக்களுக்கு இன்னும் பெரிய வேலை. ஊறின மரத்தை எடுத்துச் சும்மா காயவெச்சா சுருங்கி வெடிச்சிடும். ஸ்வீடன்காரங்க 1961-ல் தூக்கின வாசா கப்பலுக்கு 17 வருஷம் ரசாயனம் தெளிச்சாங்க. ஆமா, 17 வருஷம். நமக்கு ஒரு லேப் ரெக்கார்டு முடிக்கவே பொறுமை இல்லை!

படிக்கணும்னா தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்குன்னே துறை இருக்கு. வெளிநாடுன்னா அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ். ஃபீஸைப் பார்த்து மயங்கிடாம, ஸ்காலர்ஷிப் பக்கத்தை முதல்ல திறங்க.

பூம்புகாரிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலில் ஆய்வுன்னு 2025-ல் தமிழ்நாடு அரசு அறிவிச்சது. மேப்பை எடுங்க. ரெண்டுக்கும் நடுவில் நாமதான்! புதுச்சேரி எல்லைன்னு கடலுக்குள்ள செக்போஸ்ட் எதுவும் இல்லை. கிளிஞ்சல்மேட்டில் எந்த அண்ணனாவது, 'அந்த இடத்துல எப்பவும் வலை மாட்டும்ப்பா'ன்னு சொன்னா, சிரிச்சுட்டு வந்துடாதீங்க. இடத்தையும் ஆழத்தையும் கேட்டு நோட்டில் எழுதிக்கங்க.