மாநகரில் நாம்: மாடப்புறாவும் மனைவாழ்வும்

தாதர் புகைவண்டி நிலையத்தின் மேற்குப் புறத்தே பூவும் காய்கறியும் வாங்கச் செல்லும் நம் தாய்மார்களுக்குக் கபூதர்கானா இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பல்லாண்டுகளாக அங்கே புறாக்களுக்குத் தானியம் இறைக்கப்பட்டு வந்தது. 2025 ஜூலைத் திங்களில், மும்பையிலுள்ள 51 புறாக்கூடங்களையும் மூடுமாறு மராட்டிய அரசு பணித்தது. தடையை மீறி இரை இடுவோர்மீது வழக்குத் தொடுக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மாநகராட்சியார் தாதர்க் கூட்டைத் தார்ப்பாயால் மூடினர். ஆகஸ்ட் 6-ஆம் நாள் திரண்டு வந்த மக்கள் அத்தார்ப்பாயைக் கிழித்தெறிந்தனர். ஒரு பறவைக்காக இத்துணைப் பூசலா என்று சிலர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஒரு சாரார் உயிரிரக்கத்தையும் மறுசாரார் மூச்சையும் முன்வைத்து வாதிட்டனர், இரண்டுமே அற்பமானவையல்ல.

இவ்வழக்கில் நமக்கென்ன என்று கேட்கும் அன்பர்களும் உளர். மும்பையாயினும் தில்லியாயினும் பெங்களூராயினும், அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நம் குடும்பங்களில், குளிர்சாதனப் பெட்டியின் மேலோ குளியலறைச் சாளரத்தின் விளிம்பிலோ புறா முட்டையிடாத வீடு எத்தனை இருக்கும்? துணி உலர்த்தக் கொடி கட்டிய இல்லத்தரசிகளைக் கேட்டால் விடை கிடைக்கும்.

முதலில் புறாவின் பக்கம் நின்று ஒன்று சொல்வோம். அது நகரத்தின்மேல் படையெடுத்து வந்த பறவையன்று. கற்பாறைகளின் விளிம்புகளிற் கூடு கட்டி வாழ்ந்த பறவையை மனிதன்தான் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கிக் கொணர்ந்தான். மாடத்தில் தங்குவதனாலன்றோ நம் முன்னோர் அதனை மாடப்புறா என்றனர்! ஒடிசாக் காவல் துறையினர் அதனைத் தூதுக்கும் பயன்படுத்தினர். வளர்ப்பாரை விட்டு நீங்கிய புறாக்களின் வழித்தோன்றல்களே இன்று நகரங்களில் திரிபவை. நாம் எழுப்பிய பத்து மாடிக் கட்டடம் அவற்றின் கண்ணுக்கு ஒரு செங்குத்துப் பாறை, வேறொன்றுமில்லை. அவை யாரையும் கடிப்பதில்லை, கொத்துவதில்லை. இந்த அளவில், புறா தீங்கற்றது என்பாரின் கூற்று மெய்யே.

தீங்கு வருவது வேறு வழியில். புறாவின் உலர்ந்த எச்சமும் சிறகுத் துகளும் காற்றிற் கலந்து மூச்சோடு உட்செல்லும்போது, அவற்றிலுள்ள புரதப் பொருள்களைச் சிலருடைய உடல் பகையென்று கருதிப் போரிடுகிறது. அப்போரில் புண்படுவது நுரையீரல். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்று மருத்துவர் இதனைக் கூறுவர். தொடக்கத்தில் வறட்டிருமல், பின்னர் படியேறினால் மூச்சு வாங்குதல். ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அத்தழும்பு மாறாது. காலத்தே கண்டறிந்து காரணத்தை விலக்கினால் பெரும்பாலும் தேறலாம். நம் நாட்டில் பல நகர்களின் மருத்துவமனைகளிலிருந்து திரட்டி 2017-இல் வெளியிடப்பட்ட ஒரு பதிவேட்டில், நுரையீரல் திசு நோயுற்ற 1,084 பேரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்நோயே இருந்தது. அவர்களுள் ஈரக் காற்றுக் கூலர் புழங்கிய வீட்டினரும் பலர், பறவைகளோடு புழங்கியோரும் உண்டு. எனவே புறா ஒன்றே குற்றவாளி என்று சாற்றுவது நேர்மையாகாது. புறாவுள்ள வீட்டினர் அனைவரும் நோயுறுவர் என்பதும் உண்மையன்று. ஆயினும் யாருடைய நுரையீரல் தாங்கும், யாருடையது தாங்காது என்று முன்கூட்டி அறிய வழியில்லையே.

இனி உயிரிரக்கம். காலையில் ஒரு பிடி சோளம் இறைத்துவிட்டு நாளைத் தொடங்கும் சமணப் பெரியவரையோ குஜராத்தி அம்மையாரையோ ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. உண்ணுமுன் காக்கைக்குச் சோறு வைப்பதும், எறும்பு உண்ணட்டும் என்று அரிசி மாவிற் கோலமிடுவதும் நம் வழக்கங்கள். (அடுக்குமாடி வாசலில் கோலம் இப்போது ஒட்டுத்தாளாகிவிட்டது, எறும்பு ஏமாந்ததுதான் மிச்சம்.) ஆனால் காக்கைக்கு வைப்பது ஒரு கவளம். புறாக்கூடத்திற் கொட்டுவது மூட்டைக் கணக்கு. புறாவின் நலம் கருதிச் சிபியின் கதையை நம்மிடமே எடுத்துக்காட்டுவாரும் உளர். சோழர் தம் குலமுதல்வன் என்று போற்றிய அம்மன்னன் புறாவுக்காக அரிந்து கொடுத்தது தன் தசையை. அண்டை வீட்டாரின் நுரையீரலை அன்று.

இரை மிகுந்தால் புறா மிகும் என்பது இயற்கையின் எளிய கணக்கு. தாயும் தந்தையும் தம் இரைப்பையிற் சுரக்கும் ஒருவகைப் பாலையூட்டியே குஞ்சு வளர்ப்பதால், தானியம் தடையின்றிக் கிடைக்குமிடத்தில் அவற்றுக்குப் பருவம் என்ற வரம்பில்லை. ஆண்டு முழுதும் இரண்டிரண்டாக முட்டையிடும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தார் இதனை வருந்திக் கற்றனர். 1961 முதல் 1985 வரை அவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றனர். தொகையோ சுமார் 20,000 என்ற அளவிலிருந்து குறையவேயில்லை. கொன்றவற்றின் இடத்தை இளம் புறாக்கள் நிரப்பிக்கொண்டே வந்தன. 1988-இல் வழியை மாற்றினர். இரை மிகுதியால் கூடுகள் நெருங்கிக் குஞ்சுகள் நோயுற்று மடிவதை மக்களுக்கு விளக்கி, இரையிடுவதைக் குறைக்கச் செய்தனர். மேற்பார்வையுள்ள சில புறாக்கூடுகளையும் அமைத்தனர். நான்கே ஆண்டுகளில் தொகை பாதியாயிற்று. கொல்லாமையை விரும்புவோர் தானியத்தைக் குறைப்பதையன்றோ முதலில் வேண்டவேண்டும்! தார்ப்பாய் போர்த்துமுன் இதனை வீடுவீடாகச் சென்று விளக்கியிருந்தால் கிழிப்பதற்கு அத்தனைக் கைகள் எழுந்திரா என்பது நம் எண்ணம்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை சில. சாளரத்தில் தானியம் வைக்க வேண்டா. மொட்டைமாடியில் வடாம் உலர்த்துவோர் சிந்தியதைக் கூட்டிவிடுக. உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தாற் பெருக்கவே கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நீர் தெளித்து நனைத்தபின் வழித்தெடுக்க வேண்டும். இப்பணியைப் பெரும்பாலும் வேலைக்கு வரும் பெண்மணியிடம் விட்டுவிடுகிறோம். அவருக்கும் நுரையீரல் உண்டு, முகமூடியை நாமே வாங்கித் தருவோம். வீட்டில் எவர்க்கேனும் இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவர் கேளாவிடினும் புறா வரும் செய்தியைச் சொல்லிவிடுங்கள். இரையிடும் அண்டை வீட்டாரிடம் குடியிருப்போர் கூட்டத்திற் சீறுவதினும், ஒரு மாலை அவர் வீட்டுக்கே சென்று தேநீரோடு பேசுவது பயன்தரும்.

வலை கட்டுவோர், கட்டுமுன் உட்புறம் ஒருமுறை எட்டிப் பார்க்கவும். குஞ்சு இருந்தால் அது பறக்க ஏறக்குறைய ஒரு மாதமாகும். வலைக்காரரை அதன்பின் வரச்சொல்லலாம்.