எந்தக் கிண்ணம், யார் முதலில்?

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லூத்தரும் ஸ்விங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் உடன்பாடு. மிஞ்சியது அப்பமும் திராட்சரசமும். இயேசு அப்பத்தைத் தன் உடல் என்று சொன்னதை லூத்தர் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டார். மேசையில் சுண்ணக்கட்டியால் அந்த வாக்கியத்தை எழுதியே வைத்தார். ஸ்விங்லிக்கு அது அடையாளம், நினைவுகூரல். கடைசிவரை சேரவில்லை. அப்பம் அப்பமாகத் தெரிந்தாலும் அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1551இல் ட்ரெண்ட் சங்கத்தில் மீண்டும் உறுதிசெய்தது. இந்தச் சடங்கே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. நாகர்கோவில் பக்கம் நிறையப் பேர் இருக்கும் இரட்சணிய சேனை அப்படித்தான்.

அப்பத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் இவர்கள் எல்லோருடைய கேள்வியும். ஆனால் இந்த விருந்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்தில் இருப்பது வேறு சண்டை. கொரிந்து சபையில் வசதியானவர்கள் முன்னதாகவே வந்து தின்று குடித்து முடிக்கிறார்கள். வேலை முடித்து வந்திருக்கக்கூடிய ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். நீங்கள் சாப்பிடுவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொள்கிறார். உடலைப் பகுத்தறியாமல் உண்கிறவர் தன்மேல் தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார் என்கிறார். அந்த 'உடல்' அப்பத்தில் இருக்கும் கிறிஸ்து என்று காலங்காலமாகப் பிரசங்கம் செய்திருக்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே சபையைத்தான் உடல் என்கிறார் பவுல். பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்காமல் தின்பதுதான் குற்றம் என்று படிக்கிற அறிஞர்கள் பலர். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

தமிழ்நாட்டுச் சபைகளில் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். தரங்கம்பாடி, தஞ்சாவூர், வேப்பேரி புராட்டஸ்டண்ட் சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கம், தலித்துகள் ஒரு பக்கம். திருவிருந்துக்கு வெள்ளாளர் முதலில், மற்றவர் பிறகு. ஒரே கிண்ணம் என்றால் யார் வாய் வைத்த பிறகு யார் வாய் வைப்பது என்பதுதான் பிரச்சினை. டீக்கடை இரட்டைக் குவளையின் கணக்கேதான், இடம்தான் பலிபீடம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் எல்லாச் சபையும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரும் அவர்கள் பக்கம்தான் நின்றார். தமிழ் இசையை ஒழிக்காதே, பூக்களை ஒழிக்காதே என்று மிஷனரிகளோடு மல்லுக்கட்டினார், அதில் நியாயம் இருந்தது. அதே மூச்சில் சாதியையும் காப்பாற்றச் சொன்னார்.

கத்தோலிக்கர்கள் இதில் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் இரண்டு கிளையாகக் கோயிலைக் கட்டி, சாதிக்கு ஒரு கிளை என்று பிரித்தார்கள். இரண்டு கிளையும் ஒரே பீடத்தைப் பார்த்து நின்றன. குறுக்கே இருந்த தடுப்பை இடித்தபோது பிள்ளைமாரும் முதலியாரும் நீதிமன்றம் போனார்கள். சாதிக்குத் தனி இடம் கேட்கும் உரிமை கிறிஸ்தவக் கோயிலில் கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பத்தின் உட்பொருள் மாறிவிடும் என்று முழுமனதோடு நம்பியவர்கள்தான் அந்த வழக்கைப் போட்டவர்கள் என்பதை நான் மறக்க முடிவதில்லை.

என் பாட்டி காலத்தில் எங்கள் ஊர்ச் சபையில் எங்கள் தெரு ஆட்கள் கடைசியில்தான் எழுந்து போவார்கள். யாரும் விதி எழுதி வைக்கவில்லை. எப்போது எழ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்த வரிசை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

இதை ஏன் இப்போது கிளற வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு: 1950 குடியரசுத் தலைவர் ஆணை, தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமையைப் பறிக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் இல்லை. சென்னையைச் சேர்ந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவச் செருப்புத் தொழிலாளி ஒருவர் உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவருடைய மனு தள்ளுபடியானது.

ஆதாரம் யாரிடம் இருக்கிறது? திருச்சபையிடம்தான். 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. டெல்லியில் ஒப்புக்கொள்வதை ஊரில் வாய்விட்டுச் சொன்னால், 'குடும்ப விஷயம், வெளியே பேசாதே' என்கிறார்கள். எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது வந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் ஒரு வாரச் செய்தியாக முடிந்தன.

டெல்லிக்கு அடுத்த மனு போகும்போது, தனிக் கல்லறையும் தனித் தேர்ப்பவனியும் இன்னும் நடக்கும் பங்குகளின் பட்டியலை, ஊர் பெயரோடு, ஆயர்களும் பேராயர்களும் கையெழுத்திட்டு இணைக்கட்டும். எந்தப் பங்கில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.