கண்டவரும் வந்தவரும்

‘வாஸ்கோடகாமா 1498-ஆம் ஆண்டு இந்தியாவைக் கண்டுபிடித்தார்’ என்னும் தொடர் இளமையிலேயே மாணவர் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. இத்தொடரில் ஆண்டு பிழையன்று, வினைச்சொல்லே பிழை. எவரும் அறியாதிருந்த ஒன்றை முதன்முதலாக அறிவதே கண்டுபிடிப்பு. இந்தியாவோ மக்கள் நிறைந்து வாழ்ந்த நாடு. அயலாரும் நன்கறிந்த நாடு.

இதற்குச் சான்று தமிழகத்துக் கடற்கரையிலேயே உண்டு. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற இரும்பை, புதுச்சேரிக்கு வடக்கே உள்ளது. இரும்பைக்கு வடக்கே உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம், தெற்கே அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரேயக் கடலின் பெரிபுளூஸ்’ என்னும் கிரேக்க நூல், கமரா, பொதுகே, சோபட்மா ஆகிய துறைமுகங்களை வரிசையாகக் குறிப்பிடுகிறது. பொதுகே என்பது அரிக்கமேடு எனவும், சோபட்மா என்பது மரக்காணம் எனவும் அறிஞர் பலர் கருதுவர். கங்கைக்கும் கீழைக்கடல் நாடுகளுக்கும் செல்லும் பெருங்கலங்கள் இத்துறைகளில் இருந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் இத்தாலி நாட்டு மட்கல ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. வாஸ்கோடகாமாவின் வருகைக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியப் பொருள்கள் இக்கரையை அடைந்திருந்தன.

வாஸ்கோடகாமாவும் வழியறியாக் கடலில் தனித்து வந்தவர் அல்லர். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தித் துறையில் அமர்த்திய மாலுமி ஒருவரே அவருக்கு வழிகாட்டினார். கோழிக்கோட்டில் அவர் கரைக்கு அனுப்பிய முதல் ஆள், ஐரோப்பிய மொழி பேசத்தெரிந்த தூனிஸ் நாட்டு வணிகர் இருவரைச் சந்தித்தான்.

கொலம்பஸைப் பற்றியும் இத்தகைய கற்பனை வழங்குகிறது. உலகம் தட்டையானது என நம்பியோரிடையே அவர் ஒருவரே உருண்டை என்று உணர்ந்ததாகக் கூறுவர். உலகம் உருண்டை என்பதைக் கற்றோர் முன்னரே அறிந்திருந்தனர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எரதோஸ்தனீஸ் அதன் சுற்றளவைக் கணக்கிட்டார். உலகின் அளவைக் குறைத்து மதிப்பிட்டவர் கொலம்பஸே.

இவ்வாறு கூறுவது மேலைக் கடலோடிகளின் துணிவை மறுப்பதாகாது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஐரோப்பாவையும் இந்தியாவையும் கடல்வழியே இணைத்தது அரும்பெருஞ் செயல். அதனைப் ‘புதுவழி கண்டார்’ என்று போற்றலாம்; ‘நாட்டைக் கண்டுபிடித்தார்’ என்பது பொருந்தாது.

ஒரு சொல்லுக்காக இத்துணை வாதம் ஏன் எனச் சிலர் வினவலாம். கண்டவனுக்கே உரிமை என்னும் எண்ணம் அச்சொல்லின் நிழலிலேயே வளர்ந்தது. 1494-இல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் தோர்தெசியாஸ் உடன்படிக்கையால் தொலைநிலங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அந்நிலத்து மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை.

இந்த அளவுகோல் தமிழருக்கும் பொதுவானது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் சென்றது. அதனால் சோழர் கடாரத்தைக் கண்டுபிடித்தனர் என எவரும் எழுதுவதில்லை. அங்கு முன்னரே மக்களும் அரசும் இருந்தமையை யாவரும் அறிவர். கடாரத்துக்குப் பொருந்தும் நேர்மை கோழிக்கோட்டுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்த வேண்டும். வந்தவரின் பெயரோடு, அவருக்கு முன்னரே கரையில் வாழ்ந்தவரையும் எழுதும் வரலாறே முழுமையானது.