கன்னியம்மாவுக்குக் கூரை வேண்டாம்

நவரை அறுப்பு முடிஞ்சு கொஞ்சம் நேரம் கிடைச்சதால இதை எழுதுறேன்.

போன வாரம் அண்ணா நகர்ல இருந்து ஒரு தம்பி வந்திருந்தார். "ஐயா, உங்க ஏரிக்கரைத் தோப்புல சாமி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அதுகூட எப்படிப் பேசறது?"ன்னு கேட்டார். மரத்துலயும் கல்லுலயும் உயிர் இருக்குன்னு கும்பிடறதுக்கு இங்கிலீஷ்ல அனிமிசம்னு பேராம். எங்களுக்கு அது கன்னியம்மா தோப்பு, அவ்வளவுதான். "செருப்பை இங்கயே விட்டுட்டு வாங்க தம்பி, முதல் பாடம் அதான்"னு கூட்டிட்டுப் போனேன்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல, சுத்திலும் மனை போட்டு வித்த இடத்துக்கு மத்தியில இருக்கு அந்தத் தோப்பு. அரை ஏக்கர் கூட இருக்காது. ரெவின்யூ கணக்குல புறம்போக்கு. ஆலமரம், நாவல், இலுப்பை, கீழே களா, காரை, சூரை முள்ளு. நடுவுல மஞ்சள் பூசின ஏழு கல்லு. மேல கூரை கிடையாது.

அங்க பச்சை மரத்துல கத்தி வெக்கக்கூடாது. காஞ்ச சுள்ளியக் கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துட்டு வரக்கூடாது, அங்கயே பொங்கல் வெச்சா எரிக்கலாம். எங்கம்மா சளிக்கு நொச்சித் தழை பறிக்கப் போனா, செடி முன்னாடி நின்னு, "தாயே, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, ஒரு கைப்பிடி எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டுத்தான் பறிப்பாங்க. ஒரு கைப்பிடின்னா ஒரு கைப்பிடிதான். அறுப்புல முதல் கதிர் அந்தக் கல்லுக்குத்தான் போகும். தம்பி கேட்ட "பேசறது" இதுதாங்க. கேட்டு எடுக்கறது, அளவா எடுக்கறது, முதல்ல குடுக்கறது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வர்ற ஆடிக்குள்ள அங்க காங்கிரீட் கோயில் கட்டணும்னு ஊர்ல பேச்சு. முள்ளை எல்லாம் ஜேசிபி வெச்சு எடுத்துட்டு, தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கும்பாபிஷேகம். முன்ன நின்னு செய்யறது என் மச்சான்தான். "பக்கத்து ஊர்ல எல்லாம் கோபுரம் வந்துடுச்சி, நம்ம அம்மா மட்டும் மழையில நனையறா மாமா"ன்னு சொல்றாரு. அவர் பக்தி மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்றேன். அதுக்குக் காரணம் நான் செஞ்ச தப்பு.

பதினஞ்சு வருஷம் முன்னாடி தோப்பு முகப்புல இருந்த வேப்பமரத்தைச் சுத்தி சிமெண்ட் மேடை கட்டினோம். வீடு வீடா வசூல் பண்ணது நான்தான். அடிமரத்தை ஒட்டி இறுக்கிக் கட்டிட்டோம். வேருக்குத் தண்ணியும் காத்தும் போக வழியில்ல. ஒவ்வொரு கிளையா காஞ்சது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ முதல்ல விழுந்தது அதுதான். உள்ள முள்ளும் கொடியுமா நெருக்கி நின்ன மரங்க கிளை ஒடிஞ்சதோட தப்பிச்சது. சாமிக்கு மரியாதை பண்றோம்னு நினைச்சு மரத்தைக் கொன்னுட்டோம். இன்னிக்கும் அந்த மேடையப் பாத்தா மனசு ஒரு மாதிரி ஆகுது.

நம்ம சுத்துவட்டாரத்து ஊர்ப் பேரையே பாருங்க. திருவேற்காடு, வேலமரக் காடு. திருமுல்லைவாயல், முல்லைக் கொடி. அந்தாண்ட திருவாலங்காடு, ஆலங்காடு. கோயில்ல தல விருட்சம்னு ஒரு மரம் மிஞ்சியிருக்கு, காடு எங்க போச்சி? நாம சாமியை வெச்சுக்கிட்டு காட்டை வித்துட்டோம்.

காட்டை விடாத ஊரும் இருக்கு. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பாண்டிச்சேரி ஆராய்ச்சிக்காரங்க வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. நம்ம கடலோரத்துக்கே உரிய பழைய காட்டு வகை அங்க இன்னும் நிக்குது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு 4.97 ஹெக்டேர்தான். அதை 2025ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. 2002 பல்லுயிர் சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு.

எங்க வயல்ல எலி புடிக்க வர்ற இருளருங்களுக்கும் கன்னியம்மாதான் சாமி. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில கூடி, மணல்லயே அம்மாவைக் கும்பிட்டுட்டு வருவாங்க. கோபுரம் இல்ல, டைல்ஸ் இல்ல. அவங்க பக்தி நம்மளுதைவிடக் குறைச்சலா?

மச்சான் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ராத்திரியில குடிச்சிட்டு பாட்டிலை உள்ள வீசறானுங்க. புது மனைக்காரங்க குப்பையக் கொட்டறாங்க. அதுக்கு வேலி போடலாம். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்போம், அந்தச் செலவுல முதல் பணம் நான் தர்றேன். ஏரியில இருந்து மண்ணு கொண்டாந்து மேடு பண்ணுவோம். ஆனா தளம் போட்டுட்டா மழைத்தண்ணி எங்க இறங்கும்? முள்ளு போனா குருவி எங்க தங்கும்? "எடுக்காதே"ன்னு அம்மா பேரைச் சொல்லித்தான் இத்தனை காலம் அந்த அரை ஏக்கர் தப்பிச்சது. கட்டடம் வந்துட்டா அந்தப் பயம் கட்டடத்துக்குப் போயிடும், மரம் வெறும் மரம் ஆயிடும். அப்புறம் வண்டி நிறுத்த இடம் வேணும்னு ரெண்டு மரம், பந்தலுக்கு ரெண்டு மரம்.

சிட்டியில இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். குலதெய்வம்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவீங்க. டைல்ஸ் உபயம், கிரானைட் உபயம்னு பேர் போட்டுப் பணம் குடுப்பீங்க. நல்ல மனசுதான். அடுத்த தடவை அந்தப் பணத்துக்கு வேலி போடச் சொல்லுங்க, அந்த மண்ணுல வளர்ற கன்னு நாலு நடச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர்ல கேப்பாங்க, எங்களைவிட உங்க பேச்சுக்கு மதிப்பு ஜாஸ்தி.

அந்தத் தம்பி நாவல் மரத்தடியில அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தார். வெளிய வந்து, "ஒண்ணும் கேக்கலைங்கய்யா, ஆனா உள்ள வெயிலே தெரியல"ன்னார். அம்மா பேசிட்டா தம்பின்னு சொன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம். மச்சான் கோவிச்சுக்குவாரு. பரவாயில்ல, எழுந்து நின்னு சொல்லத்தான் போறேன்.