சரக்கு யாருக்குச் சொந்தம்? சீட்டைப் பாருங்கள்

"வைத்துவிட்டுப் போங்கள். விற்றதும் கமிஷன் போகப் பணம் தருகிறேன்." கைவினைப் பொருள் செய்பவர்கள் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி இது. அந்தமானில் கராச்சர்மாவில் வசிக்கும் ஒருவர், தேங்காய்ச் சிரட்டையில் செய்த பொருட்களை அபர்டீன் பஜார் கடை ஒன்றில் இப்படி ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாகியும் பணம் வரவில்லை. கடையோ கடனில் மூழ்கி, சரக்கு ஜப்தியாகிறது. சிரட்டைப் பொருட்களும் போய்விடுமா?

ஒப்படைத்தபோது எழுதிய சீட்டைப் பொறுத்தது அது. 1897இல் இங்கிலாந்தில், 'விற்பனை அல்லது திருப்பித் தருதல்' என்ற பேச்சில் நகைகளைப் பெற்றவர் அவற்றை அடகு வைத்தார். அடகு வைத்ததே வாங்கிக்கொண்டதற்குச் சமம் என்றது கோர்ட். நகை கொடுத்தவரால் மீட்க முடியவில்லை. 1906இல் இன்னொரு நகை வியாபாரி ஜெயித்தார். காரணம், பணம் தீரும்வரை நகை தனக்கே சொந்தம் என்று அவரது சீட்டில் ஒரு வரி இருந்தது.

நமது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது. குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் நியாயமான காலத்துக்குள், கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் பொருளை வைத்துக்கொண்டால் அது அவருடையதாகிவிடும். நீங்கள் வெறும் கடன்காரர்களில் ஒருவர்.

கடைக்காரர் உங்கள் ஏஜென்ட் என்றால் நிலைமை வேறு. பொருள் உங்களுடையதாகவே இருக்கும். ஜப்தியானால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, 58ஆம் விதிப்படி ஆட்சேபிக்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கேட்டதும் அவர் கணக்குக் காட்ட வேண்டும். தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆனால் 'ஏஜென்ட்' என்ற பெயர் மட்டும் போதாது. போபால் சர்க்கரை ஆலை வழக்கில் 1977இல் சுப்ரீம் கோர்ட், பெயரைவிட ஒப்பந்தத்தின் உள்ளடக்கமே முக்கியம் என்றது.

கடையில் நல்லெண்ணத்துடன் வாங்கிய சுற்றுலாப் பயணியிடம் பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. உங்கள் வழக்கு கடைக்காரர் மீதுதான்.

எனவே பொருள் பட்டியல், குறைந்தபட்ச விலை, கமிஷன், கணக்குத் தரும் தேதி, 'விற்கும்வரை உரிமை எனக்கே' என்ற வரி ஆகியவற்றை எழுதி, கடைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். தகராறு வந்தால் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் கணக்குக் கேளுங்கள். ஏஜென்ட் மறுத்தால், அன்றிலிருந்து வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். விற்ற பணத்தை நேர்மையின்றிச் சுருட்டியிருந்தால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் போலீசிலும் புகார் செய்யலாம். வியாபாரம் நொடித்துப் பணம் தர முடியாமல் போவது மட்டும் குற்றமாகாது.

தெரிந்த கடைதானே, சீட்டு எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். கடைக்காரரின் கடன்காரர்களுக்கு உங்களைத் தெரியாது.