பெயரை விரித்தால் கணினி திருந்துமா?



ஆறு மாத ஹார்ட்வெயார் கோர்ஸ் முடித்துச் சான்றிதழும் எடுத்த பழைய மாணவர் ஒருவர் போன கிழமை வந்தார். ரேம், ரோம், டிஎன்எஸ், டிஎச்சிபி எல்லாவற்றின் விரிவையும் மூச்சுவிடாமல் சொன்னார். "பாடசாலைக் கணினியில இன்டர்நெட் இல்ல, பாருங்க தம்பி" என்றேன். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. விழித்தார்.

அந்த இலக்கமே பதில். முகவரி தர வேண்டிய டிஎச்சிபி தரவில்லை; கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும். 8.8.8.8க்கு பிங் போகிறது, பெயரை அடித்தால் தளம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

கற்பிட்டி, புத்தளம் உப்புக்காற்றில் ரேமின் தொடுமுனை கறுத்தால் திரையில் ஒன்றும் வராது. மின்சாரத்தை நிறுத்தி, கழற்றி, அழிறப்பரால் துடைத்தால் பல நேரம் சரிவரும். இதை எந்த விரிவும் சொல்லித்தராது.

பிழை அந்தத் தம்பியில் இல்லை. பட்டியலைப் பாடமாக்க வைத்துக் காசு வாங்கியவர்களில்தான். கொம்ப்டியா ஏ ப்ளஸ் பாடத்திட்டத்திலும் நீண்ட சுருக்கப்பெயர்ப் பட்டியல் உண்டு. ஆனால் அந்தப் பரீட்சையில் செய்துகாட்டும் கேள்விகளும் வரும்.

குர்ஆனை மனனமிடுவது இபாதத். சுருக்கப்பெயர்களை விளங்காமல் மனனமிடுவதில் நன்மையும் இல்லை, தொழிலும் இல்லை.

பெற்றோரே, கடலிலும் கட்டாரிலும் உழைத்த காசு அது. கட்ட முன் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளை தன் கையால் எத்தனை கணினி கழற்றிப் பூட்டும்?" பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.